மடுக்கரையார் யார்? – வாசகர் கேள்வி பதில்

கடந்த ஆறு மாதங்களாக இவ்விதழில் வெளிவந்த என் தொடர்கதை சென்ற மாதம் முடிவடைந்தது. வெருகல் ஆற்றுக்கும் கொட்டியாரக் குடாவுக்கும் இடைப்பட்ட காட்டில், ஒவ்வொரு குடியும் ஒரு மடுவைத் தனக்குரியதாகக் கொண்டு வேட்டையாடி வாழும் மடுக்கரையார் என்னும் மக்களின் ஏழு தலைமுறைக் கதை அது. நாச்சன் என்னும் முதியவர் வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் நடந்து மறைவதோடு அதை நிறுத்தியிருந்தேன். கதையைப் பற்றி வந்த கடிதங்கள், நடையையும் பாத்திரங்களையும் விட, அம்மக்களின் பூர்வீகத்தையும் பழக்கவழக்கங்களையும் குறித்தே மிகுதியாகக் கேட்டிருந்தமையால், இம்மாதப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியுள்ளேன்.

கேள்வி: மடுக்கரையார் என்றொரு மக்கள் உண்மையில் இருந்தார்களா? மூதூருக்குத் தெற்கே உள்ள ஊர்களையெல்லாம் வரைபடத்தில் தேடிப் பார்த்தேன். அப்பெயரில் எதுவும் அகப்படவில்லை. (வாசகர், உப்புவெளி)

பதில்: அகப்படாது. மடுக்கரையார் என்ற பெயரும், அவர்களுடைய ஏழு குடிகளும், குடிகளின் பூர்வீகக் கதைகளும் நான் கற்பித்தவை. காடும் ஆறும் குடாவும் கற்பனையல்ல. மகாவலியின் கிளையாகிய வெருகல் கடலில் சேரும் இடத்திலிருந்து வடக்கே மூதூர் வரையுள்ள நிலத்தில், இன்றும் பாட்டாளிபுரம், சந்தோசபுரம், நல்லூர் போன்ற ஊர்களில் வேடர் வழிவந்த குடும்பங்கள் வாழ்கின்றன. தெற்கே வாகரைப் பக்கத்திலும் அவர்களுடைய உறவினர் உள்ளனர். ஆய்வாளர்கள் இவர்களைக் கரையோர வேடர் என்று குறிப்பிடுவது வழக்கம். பேசும் மொழி தமிழ்.

அப்படியானால் அவர்களுடைய பெயரிலேயே கதையை எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். உயிரோடிருக்கும் ஒரு மக்களின் குடிப்பெயரையும், அவர்கள் தம் தெய்வத்தின் முன்னிலையில் மட்டும் சொல்லும் சொற்களையும் எடுத்து, நான் கற்பித்த பாத்திரங்களின் வாயில் வைப்பதற்கு எனக்கு உரிமையில்லை என்று கருதினேன். பிழை நேர்ந்தால் அது என் மடுக்கரையாரின் பிழையாக இருக்கட்டும் என்பதே என் எண்ணம். அந்த எண்ணத்திலும் ஒரு குறை இருந்தது என்பதைக் கடைசிக் கடிதம் காட்டும்.

கேள்வி: நான்காம் அத்தியாயத்தில், மடுக்கரையான் ஒருவன் நள்ளிரவில் கொல்லன் பட்டறை வாசலில் மான் இறைச்சியையும் அம்பு வடிவில் வெட்டிய இலையையும் தொங்கவிட்டுப் போகிறான், சில நாட்களில் அதே இடத்தில் அம்புத் தலைகள் அவனுக்காகக் காத்திருக்கின்றன. ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே நடக்கும் இந்த வியாபாரம் வாசிக்கச் சுவையாக இருந்தாலும், நம்பக்கூடியதாக இல்லை. கற்பனை சற்று எல்லை மீறிவிட்டது என்று சொன்னால் கோபிப்பீர்களா? (வாசகர், கிண்ணியா)

பதில்: கோபிக்க மாட்டேன். ஆனால் கதை முழுவதிலும் நான் சொந்தமாக எதையும் சேர்க்காத இடம் அதுதான். 1659ஆம் ஆண்டு நவம்பரில் புயலில் பாய்மரம் இழந்த ஆன் என்னும் ஆங்கிலக் கப்பல், பழுது பார்ப்பதற்கும் வியாபாரத்துக்குமாகக் கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டது. அடுத்த ஆண்டு அதன் தலைவரும், அவருடைய மகனாகிய இளைஞர் றொபேட் நொக்சும், மாலுமிகள் சிலரும் கண்டி அரசனின் ஆட்களால் மூதூரில் பிடிபட்டனர். தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்துக்குள் அலைந்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி வந்து, 1681இல் இலங்கையைப் பற்றிய தம் நூலை இலண்டனில் வெளியிட்டார்.

இலையை அம்பு வடிவில் வெட்டி இறைச்சியோடு தொங்கவிடும் வழக்கத்தை அந்நூலில் அவரே எழுதியிருக்கிறார். கொல்லன் அந்த மாதிரிப்படியே செய்து கொடுத்தால் மேலும் இறைச்சி வந்து சேரும். செய்யாது விட்டால் ஏதோ ஓர் இரவில் அம்பு வரும். கதையில் இரண்டாவது பகுதியை நான் மென்மையாக்கி, கொல்லனின் கூரையில் அம்பு தைப்பதோடு விட்டுவிட்டேன். எங்கள் கொல்லர் தெருவில் வளர்ந்த எனக்குக் கொல்லனைக் கொல்ல மனம் வரவில்லை.

இதைவிடப் பழைய சாட்சியும் உண்டு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த சீனத் துறவி பாகியன், இந்நாட்டில் முற்காலத்தில் வாழ்ந்தவர்கள் தம்மைக் காட்டிக்கொள்ளாமல், பொருள்களை விலைக் குறிப்போடு வைத்துவிட்டுப் போவார்கள் என்றும், வியாபாரிகள் அந்த விலையைக் கொடுத்துப் பொருளை எடுத்துச் செல்வார்கள் என்றும் எழுதினார். அவர்களை அவர் பேய்களும் நாகர்களும் என்று குறித்தார். முகம் காட்டாத அயலவரைப் பேய் என்று சொல்லிவிடும் பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

இந்த வழக்கத்தை நான் கதையின் நடுவில் வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. காட்டில் வாழ்வோரைப் பற்றி எழுதும்போது, அவர்கள் உலகத்தோடு எந்தத் தொடர்புமின்றி, காலத்துக்கு வெளியே நின்றவர்கள் போல எழுதிவிடுவது எளிது. இரும்பு அம்புத் தலையைக் கையில் வைத்திருக்கும் ஒருவனுக்குப் பின்னால் ஒரு கொல்லனும், அவனுக்கு இரும்பு கொண்டுவந்த ஒரு துறைமுகமும் உண்டு. தேனும் மெழுகும் வாட்டிய இறைச்சியும் கொம்பும் காட்டிலிருந்து வெளியே போயின. இரும்பும் உப்பும் துணியும் உள்ளே வந்தன. மடுக்கரையாரின் வரலாறு என்று நான் எழுதியது பெரும்பாலும் இந்தக் கொடுக்கல் வாங்கலின் வரலாறே.

மகளுக்குச் சீதனமாக வேட்டை நாய்களைக் கொடுக்கும் வழக்கமும், மரப்பொந்தில் தேனை ஊற்றி அதில் இறைச்சியை இட்டுக் களிமண்ணால் அடைத்துப் பஞ்ச காலத்துக்கு வைக்கும் வழக்கமும் நொக்ஸ் எழுதியவையே. ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அவர் வேடர்களோடு வாழ்ந்தவரல்லர்; தப்பிச் செல்லும் வழியில் அவர்கள் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று அஞ்சிக் காட்டைக் கடந்தவர். கேட்டு எழுதியது எது, கண்டு எழுதியது எது என்பதை வரிக்கு வரி எடைபோட வேண்டியிருக்கிறது.

கேள்வி: மடுக்கரையாருக்கு ஏன் ஓர் அரசன் இல்லை? ஏழு தலைமுறைக் கதையில் ஒரு முடிசூட்டு விழாக்கூட இல்லாதது ஏமாற்றமாக இருந்தது. (மாணவி, சாம்பல்தீவு)

பதில்: முடிசூட்டு விழா எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பத்து இருபது பேராகப் பிரிந்து, மழை பெய்யும் இடத்துக்கும் தேன் இருக்கும் இடத்துக்கும் நகரும் மக்களிடையே ஒருவர் தலையில் முடி நிற்பதற்கு வாய்ப்பில்லை. முதியவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. அதை மீறுகிறவனைத் தண்டிக்க அவரிடம் சேவகர் இல்லை. பிடிக்காதவர்கள் தம் நாய்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த மடுவிலுள்ள மைத்துனனிடம் போய்விடுவார்கள்.

அரசன் இல்லை என்பதால் சட்டமும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. காட்டுக்குள் ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் எல்லை உண்டு என்றும், அந்த எல்லையைக் கடந்து எய்வதும் தேனெடுப்பதும் பழம் பறிப்பதும் குற்றம் என்றும் நொக்ஸ் எழுதுகிறார். எல்லையோரத்தில் நின்ற ஒரு பலாமரத்தின் பழத்துக்காக இருவர் வாய்ச்சண்டையில் தொடங்கி, இரு பக்கத்தாரும் கூடி, 20 அல்லது 30 பேர் இறந்துபட்ட கதையையும் அவர் சொல்கிறார். என் ஏழாம் அத்தியாயத்துச் சண்டை அங்கிருந்து வந்ததே. நம் வறண்ட காட்டில் பலா ஏது? ஆகவே அதைப் பாலை மரமாக்கினேன். வைகாசியில் பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிய அனுபவம் உள்ளவர்கள் அதற்காகச் சண்டை பிடிப்பதை நம்புவார்கள்.

அரசனோடு அவர்களுக்கு உறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கண்டி அரசன் ஒல்லாந்தரோடு போரிட்டபோது வேடர்களை வில்லும் அம்புமாக வரவழைத்தான். அவர்களும் பிறருக்குக் குறையாமல் போரிட்டார்கள். ஊர் திரும்பியதும், மறுபடியும் அழைத்துவிடுவான் என்று அஞ்சி, காட்டுக்குள் இன்னும் உட்புறமாகப் பெயர்ந்துவிட்டார்கள். ஆகவே ஆழ்ந்த காட்டில் வாழ்கிறவர்கள் எல்லோரும் ஆதியிலிருந்தே அங்கு இருந்தவர்கள் அல்லர். சிலர் அரசனை அறிந்து, சேவித்து, சலித்து அங்கே சென்றவர்கள்.

கேள்வி: கதையில் புலி வருகிறது. இலங்கைக் காட்டில் புலி ஏது? (வாசகர், தம்பலகாமம்)

பதில்: சிறுத்தையைத்தான் நம் ஊரில் புலி என்கிறோம். வரிப்புலி இங்கே இல்லை. உரையாடலில் புலி என்றும், ஆசிரியர் கூற்றில் சிறுத்தை என்றும் எழுதியிருக்க வேண்டும். இரண்டு இடங்களில் தவறிவிட்டேன்.

கேள்வி: சினைமானை எய்யக்கூடாது, குட்டியைத் தொடக்கூடாது என்றெல்லாம் நாச்சன் தன் பேரனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இது இக்காலச் சுற்றாடல் பாடப்புத்தகத்தின் குரலாக எனக்குத் தோன்றுகிறது. பசித்திருக்கும் வேடன் இப்படிப் பார்ப்பானா? மேலும், வேட்டைக்காரரின் கதையில் பெண்கள் கிழங்கு தோண்டுவதே பல பக்கங்களுக்கு நீள்கிறது. (ஆசிரியர், நிலாவெளி)

பதில்: முதற்பகுதிக்குச் சேக்கிழாரையே சாட்சிக்கு அழைக்கிறேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் பாடிய கண்ணப்பர் புராணத்தில், திண்ணனாரின் கன்னிவேட்டை விரிவாக வருகிறது. நாய்களை அவிழ்த்துவிட்டு, வலை கட்டி, விலங்குகளை வளைத்து எய்யும் அந்த ஆரவாரத்தின் நடுவிலே, உடுக்கை போன்ற அடியுடைய யானைக் கன்றுகளை அவ்வேடர் தொடரமாட்டார் என்றும், சிறு குருளைகளைக் கொல்லமாட்டார் என்றும், கருவுற்று நடை தளர்ந்த பிணையை வருத்தமாட்டார் என்றும் அவர் பாடுகிறார். இரக்கம் ஒரு புறம் இருக்க, இதில் கணக்கும் உண்டு. எல்லை வகுத்த காட்டில் இவ்வாண்டுச் சினைமானைத் தின்றவன் வருகிற ஆண்டு அயலவன் எல்லைக்குள் போக வேண்டும். போனால் என்ன நடக்கும் என்பதைப் பலாமரக் கதையில் கண்டோம்.

பஞ்ச காலத்தில் இந்த நெறி தளரும் என்பது உண்மை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் சிறு குளங்கள் வற்றி, மானும் மரையும் பன்றியும் எஞ்சிய ஒரு மடுவைத் தேடி வரும்போது, கரையில் பதுங்கியிருப்பவனுக்கு வேட்டை மிக எளிது. அவ்வேளையில் எவ்வளவு எய்யலாம் என்பதே ஐந்தாம் அத்தியாயத்தின் வழக்கு. நாச்சனும் ஒருமுறை நெறி தவறுகிறார் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

கிழங்கு தோண்டும் பக்கங்கள் நீண்டவை என்பதை ஒப்புக்கொள்கிறேன், குறைக்கும் எண்ணமில்லை. வேட்டைக்காரர் என்ற பெயரே நம்மை ஏமாற்றுகிறது. மான் அகப்படாத நாட்கள் பல. அந்நாட்களில் அடுப்பை எரியவைத்தவை காட்டு வள்ளிக்கிழங்கும், பழமும், தேனும், உடும்பும், குளத்து மீனுமே. பெரும்பாணாற்றுப்படையில் வரும் எயினக் குடியிலும் இதுவே நிலை. எயிற்றியர் இரும்புப் பூண் இட்ட கோலால் கரடான நிலத்தைக் கிளறி, எறும்பு சேர்த்து வைத்த புல்லரிசியை அள்ளி வந்து, நிலத்திற் பதித்த உரலில் குற்றிச் சமைக்கிறார்கள். விருந்தினருக்கு அந்தச் சோற்றோடு வைப்பது வாட்டிய இறைச்சி. அன்று வேட்டையாடிய புது இறைச்சி அல்ல என்பதைப் புலவர் எவ்வளவு நுட்பமாகக் கண்டிருக்கிறார்! முருகன் மணந்த வள்ளியும் வேடர் கிழங்கு அகழ்ந்த குழியில் கண்டெடுத்த குழந்தை. அப்பெயர் வந்ததே அதனால்தான்.

கேள்வி: காட்டுமக்கள் கப்பல் தெய்வத்தை வணங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். கப்பலுக்கும் காட்டுக்கும் என்ன தொடர்பு? (வாசகர், திருகோணமலை நகர்)

பதில்: நம் மாவட்டத்தில் காட்டுக்கும் கடலுக்கும் இடையே நடந்தால் அரை நாள் தூரங்கூட இல்லாத இடங்கள் பல. கரையோர வேடரின் சடங்குகளில் குமார தெய்வத்தோடு கப்பல் தெய்வமும் இடம்பெறுகிறது. கடல் வழியே வந்த அந்நியரையும், அவர்கள் கொண்டுவந்த நோயையும் பொருளையும் கண்ட மக்கள், அந்த வல்லமையையும் தம் தெய்வங்களின் வரிசையில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். இது என் ஊகம்.

உள்நாட்டு வேடரின் வழிபாட்டில் முதலிடம் இறந்த உறவினருக்கு. இறந்தவர் தம் சுற்றத்தோடு சேர்ந்து, வேட்டையில் துணை நிற்பார், மறந்தால் வருத்துவார். வேட்டையில் வல்லவனாக இருந்து தெய்வமான கண்டே யக்காவுக்காக, தேங்காய்ப்பால் நிறைந்த பாத்திரத்தைச் சுற்றி ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. மடுக்கரையாரின் ஆட்டத்தை அதிலிருந்து வேறுபடுத்த வேண்டும் என்பதற்காகவே பாத்திரத்தில் மடுநீரை வைத்தேன். கதிர்காம யாத்திரிகர் ஆறாம் அத்தியாயத்தில் வருவதற்கும் காரணம் உண்டு: யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் பாதயாத்திரை திருகோணமலையைத் தாண்டி, வெருகல் சித்திரவேலாயுதர் கோயில் வழியாகவே தெற்கே செல்கிறது. வள்ளி எங்கள் பெண் என்று சொல்லும் மக்களுக்கு, அவ்வழியே நடப்பவர்கள் மாப்பிள்ளை வீட்டார்.

கேள்வி: ஆசிரியர் அவர்களுக்கு, உங்கள் தொடரை எங்கள் வீட்டில் நான் வாசிக்க, அம்மம்மா கேட்பார். அவர் நீங்கள் எழுதிய காட்டுப் பக்கத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் தேனெடுத்தவர். கடைசி அத்தியாயத்தைக் கேட்டுவிட்டு, “அவர் ஏன் காட்டுக்குள் போய் மறைய வேண்டும்? நாங்கள் இங்கேதானே இருக்கிறோம்?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. (வாசகி, மூதூர் கிழக்கு)

பதில்: எனக்கும் தெரியவில்லை, தங்கச்சி. இக்கடிதம் வந்த பிறகு அந்த அத்தியாயத்தை மூன்று முறை எடுத்து வாசித்தேன். கடைசி வேடன் காட்டுக்குள் மறைந்தான் என்பது எழுதுகிறவனுக்கு வசதியான முடிவு. மறைந்தவனுக்குக் காணி உறுதி தேவையில்லை, பாடசாலை தேவையில்லை, அவன் யாரிடமும் எதையும் கேட்கமாட்டான்.

இந்த முடிவை எனக்கு முன்பே பலர் எழுதியிருக்கிறார்கள். 1911இல் வேடரைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட செலிக்மன் தம்பதியர், கலப்பற்ற வேடர் எங்கே எஞ்சியிருக்கிறார்கள் என்று தேடித் திரிந்தார்கள். தமிழ் பேசி, வலை வீசி, தமிழரோடு மணவுறவு கொண்ட கரையோர வேடருக்கு அந்நூலில் கிடைத்த இடம் சிறிது. அதே 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் 5,000க்கும் மேற்பட்டோர் வேடராகப் பதியப்பட்டனர். 1946இல் அத்தொகை அதில் பாதிக்கும் குறைவு. இடையில் அத்தனை பேரும் இறந்துபோகவில்லை. கிழக்கே தமிழரென்றும் பிற இடங்களில் சிங்களவரென்றும் எழுதப்பட்டு, கணக்கிலிருந்து மறைந்தார்கள். கணக்கெடுப்பவர் கையிலுள்ள கட்டம் மாறினால், ஆள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு காணாமற்போக முடியும்.

காடு அவர்களைவிட்டுப் போன விதமும் அப்படியே. 1937இல் வந்த விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் பின்னர், தகப்பன் செய்த தொழில் மகனுக்குக் குற்றமாயிற்று. 1950களில் அல்லைக் குடியேற்றத் திட்டம் வந்து, கொட்டியாரத்தின் தெற்கே காடு வயலாயிற்று. மாதுறு ஓயா 1983இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டபோது தம்பானைப் பக்கத்து வேடர் தம் வேட்டைக் காட்டை இழந்தார்கள். அவர்களுடைய தலைவர் வன்னிலா அத்தோ 1996இல் ஜெனீவா வரை சென்று அதை எடுத்துரைத்தார். நம் பக்கத்து மக்களுக்கு அப்படியொரு மேடையும் கிடைக்கவில்லை. 2004இல் ஆழிப்பேரலை, 2006இல் மாவிலாற்றில் தொடங்கிய போர், வாகரைக்கும் மட்டக்களப்புக்குமாக ஓட்டம், முகாம், திரும்பி வருதல். இவ்வளவும் உங்கள் அம்மம்மாவுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல.

ஆகவே அவருடைய கேள்வியை ஏற்று, கதை நூலாக வரும்போது கடைசி அத்தியாயத்தை மாற்றி எழுதுகிறேன். நாச்சன் காட்டுக்குள் போகமாட்டார். இடம்பெயர்ந்து திரும்பிய ஒரு காலை, அவருடைய பேத்தி பதிவு மேசையின் முன்னால் வரிசையில் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் நாச்சன், வில் இல்லாமல், கையில் ஒரு போத்தல் தேனோடு நிற்கிறார். மேசையில் இருப்பவர் தலையை நிமிர்த்தாமல் பெயர், ஊர், தகப்பன் பெயர் என்று எழுதிக்கொண்டே வந்து, “இனம்?” என்று கேட்கிறார்.

அதுவரை எழுதிவிட்டேன். அந்த மேசையின் முன்னால் உங்கள் அம்மம்மாவும் நின்றிருப்பார். அவர் அன்று என்ன பதில் சொன்னார், எதைச் சொல்ல விரும்பினார் என்பதை அவரிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். அவருக்குச் சம்மதமானால், பேத்தியின் பதிலாக அதையே வைக்கிறேன்.